எட்டாயிரம் கேட்டேன், எட்டாயிரமே கொடுத்துவிட்டார்

என் கொழுந்து லொறியின் எஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றியதாகச் சரித்திரம் இல்லை. எஹலியகொடைக்கு மேலேயுள்ள சிறுதோட்டங்களில் பச்சைக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு, பள்ளத்தில் இருக்கும் தேயிலை ஃபெக்டரியில் இறக்கும்வரை அது ஒரே சுருதியில் முனகிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட லொறியை வைத்துப் பிழைக்கிற ஒரு மனிதன், தலை நரைத்து, சர்க்கரைக்கு மாத்திரை போடத் தொடங்கிய பிறகு, பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கி, அதன் எஞ்சினைப் பிரித்து, வெல்வுகளைத் திறந்து மூடுகிற, வேகத்துக்கென்றே செய்த கேம் தண்டுகளைப் போட்டு, "இதை எத்தனை ஆயிரம் சுற்றுவரை விடலாம்?" என்று தூக்கம் கெட்டுக் கிடந்தான் என்றால், அவனுக்கு எங்கோ மரை கழன்றிருக்க வேண்டும். அந்த மரை கழன்றவன் நான்தான்.

கார் வெள்ளை நிறம். இரண்டே கதவு. பின் சீட்டில் ஏறுகிறவர்கள் ஏறும்போது ஒருமுறையும் இறங்கும்போது ஒருமுறையும் என்னைத் திட்டுவார்கள். அந்த எஞ்சினை இப்போது யாரும் செய்வதில்லை. கொழும்பில் பழைய பாகம் விற்கும் கடைகளில் அதன் பெயரைச் சொன்னால், செத்துப்போன சொந்தக்காரரைப் பற்றி விசாரித்தது போல முகத்தை வைத்துக்கொண்டு கையை விரிப்பார்கள். ஆகவே இருக்கிற எஞ்சின் ஒன்றுதான். அது ஏற்கனவே ஒரு தடவை எண்ணெய் குடித்து, புகை கக்கி, மாதக்கணக்கில் கொட்டகையில் கிடந்தது. அப்போதே என் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இந்த ஒரு தடவ செஞ்சுக்குங்க. அடுத்த தடவ எஞ்சின் ஒடைஞ்சா, நான் கதவக் கழட்டிட்டு வலை அடிச்சிருவேன். காரு கோழிக்கூடு."

அவள் சொன்னால் செய்வாள். வலை கூட வாங்கி வைத்திருந்தாள்.

எஞ்சினைத் திரும்பப் பூட்டியவன் அவளுடைய தம்பி. பஸார் முடிகிற இடத்தில் கராஜ் வைத்திருக்கிறான். எஞ்சினை ஆளுகிற பழைய கொம்பியூட்டர் புதுக் கேம் தண்டுகளுக்குச் சரிவராது என்று வேறொன்றைப் போட்டிருந்தோம். அதில் யாராவது ஓர் எண்ணை எழுதி வைக்க வேண்டும். எஞ்சின் அந்தச் சுற்றைத் தொட்டதும் கொம்பியூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். அதற்கு மேல் ஏறாது. அந்த எண் என்ன என்பதுதான் கேள்வி.

"ஏழாயிரத்து எரநூறுக்கு மேல ஆசப்படாதீங்க மச்சான்," என்றான் மைத்துனன்.

"ஏன் மாப்புள? எட்டாயிரம், ஒம்பதாயிரம் எல்லாம் போறாங்களே?"

"அவங்க உள்ள இருக்கிறது எல்லாத்தையும் மாத்தி இருப்பாங்க. இங்க பாருங்க. மேல பறந்து போற பிஸ்டன நிறுத்தி, கீழ இழுத்துட்டு வாறது யாரு? இந்த ரொட்டு, இந்தக் கம்பி. ரொட்ட புடிச்சிருக்கிறது ரெண்டே ரெண்டு போல்டு. அதுவும் கம்பனி போட்ட பழைய போல்டு. சுத்து கொஞ்சம் கூடினா இழுவையும் கொஞ்சம் கூடும்னு நெனைக்காதீங்க. அது பாஞ்சு ஏறும்."

"சரி."

"வெல்வு ஸ்ப்ரிங்கும் பழசு. ரொம்ப வேகமா சுத்தினா வெல்வு மூடுறதுக்கு நேரம் பத்தாது. தொறந்து கிடக்கிற வெல்வு மேல பிஸ்டன் வந்து இடிச்சா?"

"இடிச்சா?"

"கோழிக்கூடு."

எனக்குப் புரிந்தது. ஏழாயிரத்து இருநூறு. அதை வாங்கிக்கொண்டு வர இரத்தினபுரிக்குப் போனேன். அங்கே ஒருவர், காரை உருளைகள் மேல் ஏற்றிக் கட்டி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, லெப்டொப்பில் பார்த்துப் பார்த்து எஞ்சினைச் சரிசெய்கிறவர். மைத்துனனுக்கு அன்று வேலை. நான் தனியாகத்தான் போனேன். வழி நெடுக எனக்குள் ஒரு திட்டம் உருவானது. அந்தத் திட்டத்தைப் புரிந்துகொள்ள நான் பிறந்த, தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

லயத்துக் கூரைக்குப் பத்துத் தகரம் தேவை என்றால், நாங்கள் இருபத்தைந்து கேட்போம். தோட்டத்தை நடத்தும் துரை ஐந்து என்பார். சங்கத் தலைவர் மறுநாள் வேலைக்கு ஆள் வராது என்பார். துரை எட்டு என்பார். தலைவர் மேசையைத் தட்டுவார். பத்தில் வந்து நிற்கும். இரண்டு பேரும் தோற்ற முகத்தோடும் ஜெயித்த மனதோடும் பிரிந்து போவார்கள். லீவு, திருவிழா அட்வான்ஸ், கம்பளி, எதுவானாலும் இதே முறைதான். வேண்டியதை வேண்டிய அளவுக்கே கேட்கிறவனைத் தோட்டத்தில் அப்பாவி என்பார்கள்; பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

ஒரே ஒரு முறை, புதிதாக வந்த ஒரு சின்னத் துரை, கேட்ட இருபத்தைந்து தகரத்தையும் அப்படியே லொறியில் அனுப்பிவிட்டார். தோட்டம் கலங்கிப் போய்விட்டது. ஒவ்வொரு தகரத்தையும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டை தேடினார்கள். ஓட்டை இல்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது. தலைவருக்கு அதோடு தலைமை போயிற்று. "அம்பது கேட்டிருந்தா அம்பதும் குடுத்திருப்பானே!" என்பதுதான் அவர் மேல் வந்த குற்றச்சாட்டு.

ஆகவே என் திட்டம் எளிமையானது. வேண்டியது ஏழாயிரத்து இருநூறு. கேட்க வேண்டியது எட்டாயிரம். அவர் ஆறரை என்பார். நான் முகத்தைச் சுளிப்பேன். இருவரும் ஏழு இருநூறில் சந்திப்போம். அதுவும் போவது இரத்தினபுரிக்கு. துணிக்கு அடியில் கைவிரல் பிடித்து மாணிக்கத்துக்கு விலை பேசுகிற ஊர். அங்கே போய் ஒரே வார்த்தையில் உண்மையைச் சொல்லி நிற்க நான் என்ன பைத்தியமா?

காரைச் சரிசெய்கிறவர், அந்த ஊரிலே பல தலைமுறையாக மாணிக்க வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. முப்பது வயது இருக்கலாம். அதிகம் பேசவில்லை. காரை உருளை மேல் கட்டிக்கொண்டே கேட்டார்.

"வெல்வ் ஸ்ப்ரிங் புதுசா அண்ணன்?"

பேரத்தில் பலவீனத்தைக் காட்டக்கூடாது. "புதுசுதான்," என்றேன். மைத்துனன் அவற்றை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் புதுசு மாதிரிதான் போட்டிருந்தான்.

"ரொட் போல்ட்டும் மாத்தினதா?"

"எல்லாமே மாத்தினதுதான் தம்பி."

கார் உருளை மேல் நின்ற இடத்தில் நின்றபடி அலறியது. நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். பல தடவை ஓடவிட்டு, நிறுத்தி, ஏதேதோ தட்டி, கடைசியில் திரும்பிப் பார்த்தார்.

"ஏழாயிரத்துக்குக் கிட்ட வந்தா பவர் கீழ உழுகுது அண்ணன். அதுக்கு மேல போய்ப் பிரயோசனம் இல்ல. கட் பண்ற எடம் எவ்வளவுக்கு வெக்கோணும்?"

ஆகா, துரை ஐந்து தகரம் என்று ஆரம்பித்துவிட்டார் என்று எனக்குள் ஒரே குஷி.

"எட்டாயிரம்," என்றேன்.

"எட்டாயிரமா? தேவையில்லையே."

"தம்பி, எனக்கு எட்டுதான் வேணும்." மேசையைக் கூட லேசாகத் தட்டினேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஹரி. ஒங்கட கார்," என்று சிங்களம் கலந்து சரி சொன்னார். லெப்டொப்பில் தட்டினார். "முடிஞ்சி."

"என்ன முடிஞ்சி?"

"எட்டாயிரம் வெச்சிட்டேன்."

"இல்ல தம்பி... நல்லா யோசிச்சுத்தான் போட்டீங்களா?"

"நீங்க யோசிச்சித்தானே கேட்டீங்க?"

மேசையைத் தட்டி வாங்கிய ஒன்றை, வாங்கிய மறுநிமிடம் திருப்பிக் கொடுக்க எந்த மனிதனுக்கு முகம் வரும்? "ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு, வெடிகுண்டை மடியில் வைத்தவன் மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டேன்.

திரும்பி வரும் வழியில் இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. குருவிட்டைக்கு முன்னால் என்னை ஒரு முச்சக்கரவண்டி முந்தியது. அப்புறம் தேங்காய் ஏற்றிய இன்னொன்று முந்தியது. இரண்டாவதை ஓட்டியவர் வேகத்தைக் குறைத்து, என் பக்கமாக வந்து, "மாத்தயா, கார் பழுதா?" என்று சிங்களத்தில் அனுதாபத்தோடு கேட்டார். இல்லை, ரொம்ப நல்லா இருக்கிறது, அதுதான் பயம் என்று சொல்ல எனக்குச் சிங்களம் வராமல் இல்லை, வாய்தான் வரவில்லை.

மைத்துனன் கராஜ் வாசலிலேயே காத்திருந்தான்.

"எவ்வளவு வச்சாரு?"

"எட்டு."

"எட்டா? அந்தாளுக்குப் பிஸ்ஸா, பைத்தியமா?"

"நான்தான் கேட்டேன்."

"அப்ப உங்களுக்குப் பிஸ்ஸா மச்சான்?"

"கொறைப்பாருன்னு நெனைச்சு கேட்டேன்டா."

அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டயர் மேல் உட்கார்ந்தான். "கேட்டத அப்படியே குடுத்துட்டானா? சே, என்ன மனுசன் அவன்!" என்றான். அவனும் லயத்தில் பிறந்தவன்தான். என் துக்கம் அவனுக்குப் புரிந்தது. அதன் பிறகுதான் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்து முடிய வெகு நேரமானது.

"இன்னிக்கே போன் போட்டு நேரம் கேட்டு, போய்க் கொறைச்சிட்டு வாங்க."

"போடுறேன், போடுறேன்."

போடவில்லை. பதிலாக ஒரு சொந்த ஏற்பாடு செய்தேன். மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து சிவப்பாக ஒன்றை உரித்து, சுற்றுக் காட்டும் மீட்டரின் கண்ணாடியில், ஏழாயிரத்து இருநூறுக்கு நேரே ஒட்டினேன். முள் பொட்டைத் தொடக்கூடாது. தொடப் போனால் காலை எடுத்துவிட வேண்டும். கொம்பியூட்டர் எட்டாயிரம் என்று நினைத்துக்கொண்டிருக்கட்டும், என் காலுக்குத் தெரியும். இவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாட்டைச் செய்த பெருமையில் அன்று நன்றாகத் தூங்கினேன். என் கால் மட்டும்தான் அந்தக் காரை மிதிக்கும் என்று எந்த அடிப்படையில் நம்பினேன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ருவான்வெல்லையில் மனைவியின் அக்கா வீட்டில் விருந்து. சாவியை மனைவியே எடுத்தாள். லொறி ஓட்டுநர் வராத நாளில் கொழுந்து லொறியை மலையிலிருந்து இறக்குகிறவள் அவள். மறுத்துப் பேச முடியாது. கொஞ்ச தூரம் போனதும் மீட்டரைக் கவனித்தாள்.

"இதென்ன, என் பொட்டு இங்க இருக்கு?"

"சும்மா. அழகுக்கு."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் எட்டாயிரத்திலிருந்து சொல்ல வேண்டும். விருந்து முடிந்து சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

றப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு ஏற்றம். முன்னால் புகை கக்கிக்கொண்டு ஒரு டிராக்டர். நேர்ச்சாலை வந்ததும் அவள் இரண்டாம் கியரில் போட்டு மிதித்தாள். நாலாயிரம். ஐந்தாயிரம். அங்கேதான் புதுக் கேம்கள் கண் விழிக்கும். கார் முதுகில் கை வைத்துத் தள்ளியது. ஆறாயிரம். நான் இல்லாத பிரேக்கை மிதித்தேன். ஏழு. டிராக்டர் பின்னால் போய்விட்டது. அவள் காலை எடுக்கவில்லை.

"போதும், போதும் புள்ள!"

"இருங்க, இன்னும் பொட்டு வரல்ல."

முள் பொட்டைத் தொட்டது. தாண்டியது. எஞ்சினின் அலறலுக்கு நடுவே, யாரோ கரண்டிகளை ஒரு தகரப் பெட்டியில் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நான் கத்தினேன். தேயிலை ஃபெக்டரிகளில் இயந்திரங்களைக் காவல் காக்கிற சாமி ஒருவர் இருக்கிறார், ரோதமுனி. அவரைத்தான் கூப்பிட்டேன். "ரோதமுனி சாமீ! கிடா வெட்டுறேன்!" உடனே எனக்கே தெரிந்தது, இதுவும் எட்டாயிரம் மாதிரிதான் என்று. சாமி சேவலுக்கு இறங்கி வருவார் என்ற நம்பிக்கையில்தான் கிடாவில் ஆரம்பித்திருக்கிறேன்.

அவள் காலை எடுத்து ஓரமாக நிறுத்தினாள். எஞ்சின் நின்றுவிடவில்லை. தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் பொனட்டைத் திறந்து, ஒரு குச்சியை எஞ்சின் மேல் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டேன். என் இதயம் அடிக்கிற சத்தம்தான் கேட்டது. அது நிச்சயமாக எட்டாயிரத்தைத் தாண்டியிருந்தது.

"இப்ப சொல்லுங்க," என்றாள் மனைவி, கைகட்டி நின்றபடி. "பொட்டு எதுக்கு?"

சொன்னேன். நடுரோட்டில், டிராக்டர் எங்களைத் தாண்டி நிதானமாகப் போகிற நேரத்தில், தகரம், துரை, மேசையைத் தட்டியது எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப பொட்டு, அதுக்கு மேல போகாதேன்னு வச்சதா?"

"ஆமா."

"நான் அது வரைக்கும் கொண்டு போகணும்னு வச்சிருக்கீங்கன்னு நெனைச்சேன். சிவப்பா பொட்டு வச்சா யாரு போகாதேன்னு நெனைப்பா?"

நியாயமான கேள்வி.

விருந்துக்குப் போகவில்லை. கிழவனைப் போல மெதுவாகக் காரைக் கராஜுக்குக் கொண்டு வந்தோம். மைத்துனன் நாலு சிலிண்டரிலும் அமுக்கம் அளந்தான். ஒவ்வொன்றாக அளக்கும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலும் ஒரே மாதிரி. எதுவும் வளையவில்லை. அப்புறம் மேல் மூடியைக் கழற்றி ஸ்ப்ரிங்குகளை எடுத்து, ஒரு தராசில் அமுக்கிப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"மச்சான், ரெண்டு மூணு ஸ்ப்ரிங்கு ரொம்பத் தளந்து போச்சு. என் ஏழு எரநூறும் ஜாஸ்திதான். அளந்து பார்க்காம வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்."

"அப்ப நீயும்தானா?"

"நானும்தான். அக்காகிட்ட சொல்லாதீங்க."

அக்கா பின்னால்தான் நின்றாள்.

மைத்துனன் அதே ஸ்ப்ரிங்குகளைத் திரும்பப் பூட்டிக் கொடுக்க, மறுநாள் மனைவியே என்னை இரத்தினபுரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஓட்டியது அவள்தான், நான்காயிரத்தைத் தாண்டாமல் ஓட்டினாள். அந்தத் தம்பி எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் லெப்டொப்பை எடுத்து வந்து செருகினார்.

"கொறைக்கோணுமா அண்ணன்?"

"ஆமா தம்பி. கொஞ்சம்."

"எவ்வளவுக்கு?"

உண்மையைச் சொல்லத்தான் போனேன். சத்தியமாக. ஆனால் வாய் பழக்கத்துக்குப் போய்விட்டது. ஏழாயிரம் வேண்டும் என்றால் இந்த முறை கீழேயிருந்து ஏற வேண்டும் அல்லவா?

"ஆறாயிரம்," என்றேன்.

"ஹரி," என்று தட்டப் போனார்.

"ஐயோ, தட்டாதீங்க தம்பி!" என் மனைவி லெப்டொப் மேல் கையை வைத்துவிட்டாள். "இவர் சொல்றதக் கேக்காதீங்க. இவர் பொறந்ததிலயிருந்து எதையும் நேராக் கேட்டதே இல்ல. ஸ்ப்ரிங்கு பழசு. ரொட்டு போல்டு பழசு. எல்லாமே பழசு. இவரும் பழசு. இப்ப நீங்களே சொல்லுங்க, எவ்வளவு வைக்கலாம்?"

அவர் அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

"அத அண்டைக்கே சொல்லியிருக்க ஏலுமே அண்ணன். நான் என்ன எண்டா, வாப்பாக்குப் பின்னால திரிஞ்சி பேரம் பேசி அலுத்துப் போய்த்தான் கல் யாவாரத்த உட்டுட்டு இந்த வேலைக்கு வந்தேன். கேட்டா கேட்டத வெச்சிக் குடுத்துருவேன்."

பிறகு திரையில் ஒரு மலையைக் காட்டினார். எஞ்சினின் பலம் ஏறி ஏறி, ஆறாயிரத்து அறுநூறில் உச்சி. அதற்குப் பிறகு ஏழாயிரத்தை நெருங்க நெருங்கச் சரிவு. உச்சியைக் கொஞ்சம் தாண்டும்வரை விட்டால், அடுத்த கியரைப் போடும்போது சுற்று குறைந்து வந்து நிற்கிற இடத்திலும் நல்ல பலம் இருக்கும். அதற்கு அப்பால் போனால் சத்தம்தான் மிச்சம். இருக்கிற பாகங்களில் எது முதலில் உடையுமோ அது ஓர் எண் சொல்லும், பலம் எங்கே தீர்கிறதோ அது ஓர் எண் சொல்லும். இரண்டில் சிறியதை எடுத்து, அதிலிருந்தும் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும் என்றார்.

"கழிக்கிறது எதுக்கு தம்பி?"

"ஓட்டுற ஆளுக்கு," என்றார், என்னைப் பார்த்து.

கழித்து ஆறாயிரத்து எண்ணூறு வைத்தார். புது ஸ்ப்ரிங் போட்டால் திரும்பி வரச் சொன்னார். "இன்னொண்டு. நீங்க மிதிச்சி மேல ஏறுறதத்தான் இது புடிக்கும். வேகமாப் போற நேரம் மூணாம் கியருக்குப் பதிலா ரெண்டுல போட்டீங்க எண்டா, ரோட்டுல உருளுற சில்லுதான் எஞ்சினச் சுத்த வெக்கும். கொம்பியூட்டருக்கு ஒண்ணும் செய்ய ஏலாது."

"அதுக்கு எவ்வளவு வைக்கலாம்?" என்று கேட்டேன்.

"அதுக்குக் கியர்ல கைய அடக்கி வெச்சிருக்கோணும்," என்றார்.

திரும்பும்போது மழை இல்லை. சாலை காலியாக இருந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். இரண்டாம் கியர். ஐந்தாயிரம், ஆறாயிரம். நான் சீட்டின் ஓரத்தைப் பிடித்தேன். திடீரென்று கார் இருமியது. டப், டப், டப், டப் என்று யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி உதறியது.

"போச்சு! போச்சு! எஞ்சின் போச்சு! நிறுத்து!"

அவள் காலை எடுத்தாள். உதறல் நின்றது. எஞ்சின் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது.

"போகல்ல," என்றாள். "இதுதான் நாம போய்க் கேட்டு வாங்கிட்டு வந்தது. ஆறாயிரத்து எண்ணூறு."

"இப்படியா இருக்கும்?"

"வேற எப்படி இருக்கும்? மணியடிப்பாங்களா?"

சற்று தூரம் போனதும் அவள், சரிதானா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, இன்னொரு தடவை மிதித்தாள். டப், டப், டப். இந்த முறை என்ன வரப் போகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆகவே கொஞ்சம் மெதுவாகத்தான் கத்தினேன்.